உப்புக் காற்றும் ஆய்வுகூடமும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தல் வேண்டும் என்பர் நம் முன்னோர். மன்னார் மக்களுக்கு உப்பிட்டது கடல். ஆயினும் அவ்வுப்பே நம் வீட்டுக் கதவின் கீலையும், வள்ளத்தின் ஆணியையும், பாலத்தின் இரும்பையும் நாள்தோறும் தின்று வருகின்றது.

துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயனத் தாக்கமாகும். இரும்பின் மேற்பரப்பில் ஓரிடம் இலத்திரன்களை இழந்து கரைகின்றது. மற்றோரிடத்தில் நீரும் ஒட்சிசனும் அவற்றை ஏற்கின்றன. உப்புக் கலந்த ஈரம் இடைநின்று அம்மின்னோட்டத்தை எளிதாக்குகின்றது. ஆதலின், மின்னிரசாயனமும் மேற்பரப்பியலும் கடற்கரை வாழ்வோர்க்கு இன்றியமையாத கல்வியாம்.

அக்கரையார் இதனை முன்னரே உணர்ந்தனர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் ஈந்தார். காரைக்குடியில் மத்திய மின்னிரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பெற்றது. அந்நிலையத்தார் மண்டபத்திலும் ஓர் ஆய்வுக்களம் அமைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திச் சோதித்தனர். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் துரு மிகுந்தமையால் 2022இல் புகையிரதப் போக்குவரத்து நின்றதையும், 2025இல் புதுப்பாலம் திறந்ததையும் யாவரும் அறிவர்.

அதே கடலின் இக்கரையில் நாம் வாழ்கின்றோம். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் புதிய பாலம் 2010இல் திறக்கப்பெற்றது. 2015இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டது. 2020 திசெம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் தொடக்கி வைக்கப்பெற்றன. இவை யாவும் இரும்பை நம்பி நிற்பவை. நம் காற்று ஓராண்டில் எத்துணை இரும்பை உண்ணும் என்பதை நம் மாணவரே அளந்து பதிதல் வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு வேண்டுவன யாவை? முதற்படிக்கு நுண்தராசு ஒன்றும், உருக்குத் தகடுகளும், அவற்றைக் கடல்நோக்கித் தாங்கும் சட்டமும் போதும். நிறுத்த தகட்டை ஓராண்டு காற்றில் வைத்து, துரு நீக்கி மீண்டும் நிறுத்தால் இழப்புத் தெரியும். அடுத்த படிக்கு, மூன்று மின்வாய்கள் கொண்ட கலமும், மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவியும், 35 பாகையில் 5 சதவீத உப்புநீரைத் தூவும் பெட்டியும் வேண்டும். எக்ஸ்-கதிரால் மேற்பரப்பின் சில அணுப்படைகளை மட்டும் ஆராயும் கருவியோ மிகு வெற்றிடமும் பெருஞ் செலவும் வேண்டுவது. அதனை நாட்டுக்குப் பொதுவாக ஓரிடத்தில் வைத்து, மாதிரிகளை அனுப்பிப் பயன்கொள்ளுதலே தகும்.

கருவி வாங்குவோர், ஈரம் புகாத அறைக்கும் கருவியைப் பேணுவோருக்கும் பொருள் ஒதுக்கல் வேண்டும். துருவை அளக்க வந்த கருவியைத் துருவே தின்னுதல் நகைப்புக்கிடமன்றோ?

தமிழாசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். கலைச்சொற்களை மனனஞ் செய்விப்பதால் மட்டும் தமிழில் விஞ்ஞானம் வளர்ந்துவிடாது. தராசின் அருகிருந்து, தான் கண்டதைத் தன் மொழியில் ஒரு மாணவன் எழுதும் குறிப்பேட்டிலேயே அது வளரும்.

பழைய மாணவர்களே! விழா நினைவாக அலங்கார வளைவு கட்டினால் காலத்தில் அதன் கம்பியும் துருவேறி வீணாகும். கடற்கரையில் தகடு தாங்கும் ஒரு சட்டத்தை நாட்டுங்கள். அங்கே ஏறும் துருவும் கல்வியாகும்.