ஒரு கையில் டிஏபி, மறு கையில் வேம்

போன அக்டோபரில், மகள் படிக்கும் வேல்ஸ் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அங்கே அது இலையுதிர் காலம். ஒரு கட்டடத்தின் கூரையே பச்சையாக இருந்தது. உடைத்த செங்கல்லும் கொஞ்சம் மட்கும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, சீடம் என்ற சதைப்பற்றுச் செடியை வளர்த்திருக்கிறார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுமாம். "இதுக்கு என்ன உரம்?" என்று மகளை விட்டுக் கேட்டேன். தோட்டக்காரர் சிரித்தார். உரம் போட்டால் புல் ஏறிச் சீடத்தை அமுக்கிவிடுமாம்.

பிறகு பழைய புல்தரைக்குக் கூட்டிப்போனார். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை என்று மெழுகு பூசினதுபோலக் காளான்கள்! பல வருஷமாக உரமே படாத தரை. வெட்டின புல்லைக்கூட அள்ளிவிடுகிறார்கள். உரம் பட்டால் இந்தக் காளான் போய்விடும், லேசில் திரும்பாது.

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயசில் இடி மழைக்குப் பிறகு எங்க வேலியோரப் புற்றில் காளான் பூக்கும். அம்மா மடி நிறையக் கொண்டுவருவார். அது கரையான் வளர்க்கும் காளான். நிலத்தைச் சமன்படுத்துறேன்னு புற்றை இடித்தவன் நான்தான். இருபது வருஷம் டிஏபி கொட்டினவனும் நான்தான்.

கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இன்னொன்று இருக்கிறது. சோளம், கடலை, துவரை, வெங்காயம் எல்லாவற்றின் வேரிலும் ஒட்டி வாழும். பயிர் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவரும். மூட்டை மூட்டையாக மணிச்சத்தைக் கொட்டினால் பயிர் அதைக் கைவிட்டுவிடும். அப்புறம் கடையில் வேம் பொட்டலம் வாங்குகிறோம். விரட்டினதும் நாமே, காசு கொடுத்துக் கூப்பிடுவதும் நாமே!

பயிரைப் பட்டினி போடச் சொல்லவில்லை. செங்கல் கூரைக்கு உள்ள கணக்கு வயலுக்கு ஆகாது. தொழுவுரம், மூடாக்கு, ஊடுபயிர், குறைந்த உழவு இதெல்லாம் பயிருக்கும் சோறு, பூஞ்சைக்கும் வீடு. எதையும் அளவோடு போடுவோம் என்பதுதான் என் கட்சி.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் உங்க வரப்பில் நடந்து பாருங்கள். தெரியாத காளானைச் சமைத்துவிட வேண்டாம், பார்த்தால் போதும். வேலியோரம் புதுசாக எழும்பும் புற்று ஒன்றை நான் இடிக்காமல் விட்டிருக்கிறேன். இன்னும் பூக்கவில்லை. காத்திருக்கிறேன்.