உடையார்குடிக் கல்வெட்டும் இடிக்கப்படும் வீடுகளும்

ராஜராஜ சோழன் என்றதும் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நம் கண்முன் நிற்கும். எனக்கு அதனுடன் இன்னொரு கோயிலும் நினைவுக்கு வரும். வீராணம் ஏரிக்கு அருகே, காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் உள்ள அனந்தீசுவரர் கோயில் அது. காவிரிப் படுகையின் வடபகுதியில், நெல் விளையும் அந்த ஊரின் கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு, நாம் அதிகம் பேசாத ராஜராஜனைக் காட்டுகிறது.

ராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான். அதன்பின் உத்தம சோழனின் ஆட்சி நடந்தது. 985-இல் அரியணை ஏறிய ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் உள்ளிட்டோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. ரவிதாசன் என்ற பெயரைக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் அறிவார்கள்.

பறிமுதல் செய்யப்பட வேண்டிய உடைமைகளின் பட்டியல் கொலையாளிகளோடு முடியவில்லை. அவர்களின் தம்பிமார், பிள்ளைகள், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என அது நீள்கிறது. அரசனின் ஆணை ஊர்ச் சபைக்கு வருகிறது, நிலங்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதியைப் பொன் கொடுத்து வாங்கிய ஒருவர் அறச்செயலுக்காக அதை எழுதிவைக்கிறார். அந்த அறத்தைப் பதிவுசெய்ததால்தான் அச்சமூட்டிய இந்த ஆணையும் நமக்குத் தெரியவந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசனை இன்றைய சட்டத்தால் அளப்பது முறையன்று. ஆனால், அந்த ஆணையின் நோக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். கொலையாளியின் தங்கையை மணந்தவர் செய்த குற்றம் என்ன? உறவுதான். உறவினரின் நிலத்தையும் பறித்தால் அரசனை எதிர்க்க நினைப்பவனை அவன் வீட்டாரே தடுப்பார்கள். கூட்டுத் தண்டனையின் கணக்கு இதுவே.

அந்தக் கணக்கு இன்னும் செத்துவிடவில்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகள், தீர்ப்புக்குக் காத்திராமல் புல்டோசர்களால் இடிக்கப்பட்டன. காகிதத்தில் காரணம் ஆக்கிரமிப்பு அல்லது அனுமதியில்லாக் கட்டடம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு இதற்குக் கடிவாளமிட்டது. ஒருவர் மீதான குற்றச்சாட்டுக்காக வீட்டை இடிப்பது அக்குடும்பம் முழுவதற்கும் அளிக்கப்படும் தண்டனை என்று கூறியது. 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்றும், விதிமீறும் அதிகாரிகளே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றும் அறிவித்தது.

பொதுச் சாலை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. வாய்க்கால் அடைபட்டால் கடைமடை வயல் காயும் என்பதை அறிந்த நமக்கு அந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஆக்கிரமிப்பை அகற்றுவது நிர்வாகம். கைது நடந்த மறுநாள் ஒரு வீட்டை மட்டும் தேடிப்போய் இடிப்பது மிரட்டல்.

எனக்குக் கவலை தருவது அந்த மிரட்டலுக்குக் கிடைக்கும் கைதட்டல்தான். "பழைய ராஜாக்கள் மாதிரி ஒருவர் வந்தால்தான் நாடு திருந்தும்" என்ற பேச்சை நம் ஊர் தேநீர்க் கடைகளிலும் கேட்கிறேன். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதால் எழும் சலிப்பு அது. அதில் நியாயமும் உண்டு. அதற்கு மருந்து, காலிப் பணியிடங்களில் நீதிபதிகளை நியமிப்பதும் புலனாய்வைச் செம்மைப்படுத்துவதும்தான். விசாரணையே இல்லாத தண்டனை விரைவானதாக இருக்கலாம். தவறு நேர்ந்தால் இடிந்த வீட்டை யார் திருப்பித் தருவது?

பழைய ராஜாக்களை அழைப்பவர்கள் தங்களை அரசனின் பக்கத்தில் நிறுத்தியே கற்பனை செய்கிறார்கள். உடையார்குடிக் கல்வெட்டைப் படிக்கும்போது, கொலையாளியின் தங்கையை மணந்த அந்த மனிதரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கட்டும்.