பழுது அச்சுப்பொறியில் இல்லை!



கோல சிலாங்கூர்த் தோட்டப்புற வீடொன்றில் அண்மையில் கண்டதை எழுதுகிறேன். கூடத்தில் இணைய நிறுவனம் பொருத்திய ரவுட்டர். பின்னறையில் வீட்டார் வாங்கிய இரண்டாவது ரவுட்டர். அச்சுப்பொறி கூடத்தில்; பிள்ளையின் மடிக்கணினி பின்னறையில். பயிற்சித்தாள் அச்சாகவில்லை. “புதிய அச்சுப்பொறி வாங்குங்கள்” என்றாராம் கடைக்காரர். தந்தையாரும் சம்பளப் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்!

எதற்கு இந்த வீண்செலவு? இரண்டாவது ரவுட்டர் தனக்கெனத் தனி வலையமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. கூடத்துக் கருவிகள் 192.168.0 என்றும், பின்னறைக் கருவிகள் 192.168.1 என்றும் தொடங்கும் முகவரிகளைப் பெற்றிருந்தன. லயத்து முற்றத்தில் நின்று கூவினால் அந்த லயத்தாருக்குத்தான் கேட்கும். அடுத்த தோட்டத்திற்குச் செய்தி அனுப்ப முகவரி வேண்டும். அச்சுப்பொறியைத் தேடும் மடிக்கணினியின் கூவலும் அவ்வாறே ரவுட்டரைத் தாண்டுவதில்லை.

தீர்வு எளிது. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினேன். வீடு முழுவதும் ஒரே வலையமைப்பாயிற்று. தாள் அச்சாகி வந்தது. ஒரு சென்னும் செலவில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீடே வகுப்பறையானது. அதற்குப் பிறகும், “இதெல்லாம் நம் வேலையன்று” என்று ஆசிரியர்களாகிய நாமே ஒதுங்கினால், தோட்டத்துப் பெற்றோர் யாரிடம் கேட்பர்? விற்பவரிடம்தானே!

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்குவோம். இதனைத் தமிழிலேயே விளக்குவோம். அறியாமைக்கு இனியும் விலை கொடுக்க வேண்டா!