கேமில் வரும் தெய்வங்களும் நமது பிள்ளைகளின் வாயும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. உம்மாமாரும் வாப்பாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

கேம் விளையாடினால் கண் கெடும், படிப்புக் கெடும், ரீலோட் காசு போகும் என்று நாம் எல்லோரும் பேசியாகிவிட்டது. அந்தக் கேம்களுக்குள் வரும் தெய்வங்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

அண்மையில் ஒரு மேலதிக வகுப்பில் நமது மாணவர் ஒருவர், பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பிள்ளையிடம், "ஒங்கட காளிய நேத்து மூணு தரம் கொன்னேன்டா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். மாத்தளையில் உள்ள மச்சானின் கம்பியூட்டரில் விளையாடிய கேமைத்தான் சொன்னார். மற்றப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு பின் வாங்குக்குப் போய்விட்டார். அதன் பிறகு இருவரும் பேசுவதில்லை.

நமது மாணவர் கெட்ட பிள்ளை அல்ல. அவருக்கு அது ஒரு கெரக்டர். இத்தனை பவர், இத்தனை ஹெல்த், கொன்றால் சில வினாடியில் திரும்ப வரும். இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று நாம் தெரிந்துகொண்டால்தான் பிள்ளைக்கு விளங்கப்படுத்த முடியும்.

1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டு வந்தது. கம்பியூட்டர் இல்லை. சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, தாயக்கட்டை உருட்டி, ஒரு கற்பனை உலகத்தில் கதையை நகர்த்துவார்கள். இன்றைய பல கேம்களுக்கு அதுதான் வாப்பா. அந்த உலகத்துக்குத் தெய்வங்கள் தேவைப்பட்டன. 1980இல் அதே கம்பனி வெளியிட்ட ஒரு புத்தகத்தில் கிரேக்கம், எகிப்து, சீனா, இந்தியா, கெல்டிக் என்று பல இனத்தாரின் தெய்வங்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டார்கள். பெரிய தெய்வங்களுக்கு 400 ஹிட் பொயின்ட். 400 புள்ளி என்று எழுதினால், 400 புள்ளியையும் குறைத்தால் செத்துவிடும் என்பதுதானே அர்த்தம்!

இதில் கெல்டிக் தெய்வங்களின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். கெல்டியர்கள் என்போர் ரோமர் காலத்துக்கு முன்பிருந்தே ஐரோப்பாவின் பல பகுதிகளில் வாழ்ந்த மக்கள். அவர்களின் மொழி இன்றும் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து பக்கங்களில் மிஞ்சியிருக்கிறது. அயர்லாந்துக் கதைகளில் டக்டா என்றொருவர் வருகிறார். எத்தனை பேர் சாப்பிட்டாலும் குறையாத ஒரு கிடாரம் அவரிடம் இருந்ததாம். மொரிகன் என்பவள் போர்க்களத்தில் காகமாக வருவாள். லூ எல்லாத் தொழிலும் தெரிந்தவர். ஐரிஷ் மொழியில் ஓகஸ்ட் மாதத்தின் பெயரே அவரின் பண்டிகையிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கதைகளை எழுதி வைத்தது யார் தெரியுமா? அயர்லாந்து மக்கள் கிறிஸ்தவர்களாகிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, மடங்களில் இருந்த கிறிஸ்தவத் துறவிகள். தாங்கள் வணங்காத தெய்வங்களின் கதைகளை, தங்கள் முன்னோரின் சொத்து என்று காப்பாற்றினார்கள். சில இடங்களில் அவர்களைத் தெய்வம் என்று சொல்லாமல் பழைய காலத்து வீரர்களாக மாற்றியும் எழுதினார்கள். பிரிஜிட் என்ற தேவதையின் பெயரில் ஒரு கிறிஸ்தவப் புனிதரும் இருக்கிறார். பெப்ரவரி 1 அவரின் திருநாள். 2023 முதல் அயர்லாந்தில் அந்த நாளை ஒட்டிப் பொது விடுமுறையும் உண்டு.

ஆகவே ஒரு இனத்தின் தெய்வத்தை இன்னொருவர் எடுத்து மாற்றுவது புதிய விடயம் அல்ல. நமது நாட்டையே பாருங்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வமானார். கண்டி எசல பெரஹராவில் பத்தினி தேவாலயத்துக்குத் தனி ஊர்வலமே இருக்கிறது. அங்கே எடுத்தவர்கள் மரியாதையோடு எடுத்தார்கள். கேம் கம்பனி புள்ளி போட எடுக்கிறது.

கெல்டிக் தெய்வங்களுக்குப் புள்ளி போட்டபோது பெரிதாகச் சத்தம் வரவில்லை. பழைய வணக்கம் எப்போதோ நின்றுவிட்டது. இன்று புதிதாக வணங்கத் தொடங்கியவர்கள் இருந்தாலும் அவர்கள் சிறு தொகையினர். காளி அம்மனின் விடயம் அப்படியா? மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் பஞ்சரத பவனிக்கு நமது கடைத்தெருவைத் தாண்டித்தானே தோட்டத்துச் சனம் போகிறது? 2012இல் 'ஸ்மைட்' என்ற கேமில் காளியைப் போட்டபோது அமெரிக்காவில் இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கம்பனி எடுக்கவில்லை.

இன்னொரு விடயம் நம்மை மிகவும் யோசிக்க வைத்தது. அந்த 1980ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் பதிப்பில், இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் கதைக்காகக் கற்பனை செய்த தெய்வங்களும் இருந்தன. அவற்றின் விளையாட்டு உரிமை வேறொரு கம்பனியிடம் இருந்தது. பிந்திய பதிப்புகளில் அவற்றை எடுத்துவிட்டார்கள். கற்பனைத் தெய்வத்துக்குச் சொந்தக்காரன் உண்டு, கோடிக்கணக்கானோர் வணங்கும் தெய்வத்துக்கு இல்லை! 2014இல் வந்த அதே விளையாட்டின் நூலில் கெல்டிக், கிரேக்கம், எகிப்து, நோர்ஸ் என்ற நான்கு பழைய தெய்வக் கூட்டங்கள்தான் இருக்கின்றன. இந்தியத் தெய்வங்கள் இல்லை.

இப்போது நமது பக்கம் வருவோம். 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் ஒரு காட்டு மோட் வந்தது. அதில் சிலை போன்ற கம்பத்தின் முன் மண்டியிட்டால் பவர் கிடைக்கும். உலகம் முழுவதும் முஸ்லிம்கள் கொதித்தார்கள். கம்பனி மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. 2021இல் 'கோல் ஒஃப் டியூட்டி' கேம் ஒன்றில் குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடப்பதாகக் காட்டினார்கள். அதற்கும் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். நாம் கொதித்தது நியாயம். நமது நெஞ்சு நொந்தது.

அப்படியானால் பின் வாங்குக்குப் போன அந்தப் பிள்ளையின் நெஞ்சு?

"நாம் நம்பாத தெய்வத்துக்கு நாம் ஏன் மரியாதை பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஸூரா அல்-அன்ஆமின் 108ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். பிறர் வணங்குபவற்றை ஏசுவதை அது தடுக்கிறது, காரணத்தையும் சொல்கிறது. அதைப் பேணுவதால் நமது அகீதாவில் ஒரு குறையும் வராது. வணங்குவது வேறு, வணங்குகிறவரை நோகடிக்காமல் இருப்பது வேறு.

"எல்லாக் கேமையும் அழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்போரும் உண்டு. வீட்டில் அழித்தால் மச்சான் வீட்டில் இருக்கிறது. டக்டாவின் கிடாரத்தைப் பற்றித் தெரிந்த பிள்ளைக்கு, இரண்டு மைல் தூரத்தில் இருக்கும் பிள்ளையின் திருவிழா என்னவென்று தெரியவில்லை. நமது கவலை அதுதான்.

பெற்றோரிடம் நாம் கேட்பது மூன்று.

ஒன்று: பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "இந்தத் தெய்வம் யாருடையது? இன்றும் வணங்குகிறார்களா?" என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். கதையைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

இரண்டு: கும்பிடச் சொல்லும், மண்டியிடச் சொல்லும் கேம் என்றால் ஏன் வேண்டாம் என்று விளக்கி நிறுத்துங்கள். அடித்துப் பறித்தால் ஒளித்து விளையாடும்.

மூன்று: கேமில் பேசும் பேச்சைப் பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

தமிழும் முஸ்லிமும் சிங்களமும் ஒரே பஸ்ஸில் மாத்தளைக்குப் போய் வரும் ஊர் இது. 2019க்குப் பிறகு நம்மைச் சந்தேகமாகப் பார்த்த கண்கள் எப்படி வலித்தன என்பது நமக்குத் தெரியும். அந்த வலியை நமது பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது.

அந்த இரண்டு மாணவர்களையும் இந்த வாரம் ஒன்றாக உட்கார வைத்துப் பேச இருக்கிறோம். மன்னிப்பைக் கேட்பது நமது பிள்ளையின் கடமை. துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.