ரசீதைக் காட்டுகிறவர்கள் லெட்ஜரையும் காட்டட்டும்

அக்கா என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. காரணம், நான் போடாத ஒரு கையெழுத்து.

அக்கா பையன் இங்கே கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரியில் இணையத்தில் தமிழில் எழுதுவான். செல்போன், விமான டிக்கெட், மியூச்சுவல் ஃபண்டு என்று எல்லாம் கலந்து கட்டி. நன்றாகவே எழுதுவான், மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை. போன தீபாவளி சமயம் ஒரே மாதத்தில் விளம்பரத்தில் 61,000 ரூபாய் வந்தது. சம்பளத்தைவிட ஆறாயிரம் கூட. அடுத்த வாரமே ராஜினாமா. ஏப்ரலில் கரமனையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, ஒரு லோன் எடுக்கிறேன். நீங்க ஜாமீன் போட்டா போதும்."

முடியாது என்றேன். "சொந்த மருமகன்கிட்டயுமாடா பேங்க் ஆபீசரா இருப்பே?" என்று கும்பகோணத்திலிருந்து அக்கா கேட்டாள். ஆமாம், இருப்பேன். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. பி.காமில் மனப்பாடம் செய்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வசூலுக்கு ஆள் வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எனக்குக் கோபம் பையன் மேல் இல்லை. "வேலையை விடு, எழுதியே சம்பாதி" என்று 4,999 ரூபாய்க்கு அவனுக்கு வகுப்பு எடுத்தாரே ஒரு மகான், அவர் மேல்தான். அவரைப்போல இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரு மாத வரவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டுகிறார்கள். எந்த மாதம்? அவர்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதம். அவருடைய வருமானத்தில் எழுதி வந்தது எவ்வளவு, எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தது எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நீச்சல் தெரியாதவன் நீச்சல் வகுப்பு நடத்தினால் சும்மா விடுவோமா?

சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு வியாபாரி ஓவர்டிராஃப்ட் கேட்டு வருகிறார் என்று வையுங்கள். ஓணத்து விற்பனையை மட்டும் காட்டினால் நாங்கள் கடன் கொடுப்போமா? "சேட்டா, கர்க்கடகத்தில் எவ்வளவு?" என்றுதான் கேட்போம். கர்க்கடகம் என்றால் நம்ம ஆடி. மழை, வியாபாரம் கிடையாது, மலையாளிகள் அதைப் பஞ்ச மாதம் என்றே சொல்வார்கள். எழுத்து வருமானத்துக்கும் ஒரு கர்க்கடகம் உண்டு. தீபாவளி, வருடக் கடைசி என்று கம்பெனிகள் விளம்பரத்துக்குக் கொட்டிவிட்டு ஜனவரி பிறந்ததும் பையை இறுக்கிக் கட்டிவிடும். பையனுக்கு ஜனவரியில் 17,000. பிப்ரவரியில் 9,200. எழுதியது குறையவில்லை, படித்தவர்களும் குறையவில்லை.

இதில் எதுவுமே அவன் கையில் இல்லை என்பதுதான் விஷயம். கூகுள் ஆட்சென்ஸ் 2003-ல் வந்தது. தமிழை அது தன் மொழிப் பட்டியலில் சேர்த்தது 2018 பிப்ரவரியில். பதினைந்து வருடம் தமிழில் எழுதியவன் எவ்வளவு நன்றாக எழுதினாலும் விளம்பரக் காசுக்கு முறைப்படி வழியில்லை, அது அவன் தப்பா? பட்டியலில் சேர்த்த பிறகும் விளம்பரம் கொடுப்பவன் தமிழ்ப் பக்கத்துக்கும் இங்கிலீஷ் பக்கத்துக்கும் ஒரே விலை கொடுப்பதில்லை. வருகிறதில் 68 சதவீதம் எழுதுகிறவனுக்கு என்று 2010-ல் கூகுளே வெளியே சொன்னது. ஆனால் எதன் 68 சதவீதம்? அந்த ஏலம் அவன் கண்ணில் படாது. 100 டாலர் சேராமல் பணம் கிளம்பாது. அந்த 100 டாலர் 2007 கடைசியில் 3,900 ரூபாய், 2013 ஆகஸ்டில் 6,800 ரூபாய் வரை. எழுதினது அதே எழுத்துதான். போதாக்குறைக்கு 2021-லிருந்து யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் பார்த்து வரும் வருமானத்தில் அமெரிக்க வரி வேறு. படிவம் கொடுத்தால் நமக்கு 15 சதவீதம், கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். முதலாளி யார் என்று தெரியாது, சம்பளம் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தெரியாது, திடீரென்று நிறுத்தினால் கேட்க ஆள் கிடையாது. பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. இதற்குப் பெயர் சுதந்திரமாம்.

பையன் ஒன்று சொன்னான், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "உங்களை மாதிரி சம்பளம் வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை எழுதுறது பொழுதுபோக்கு மாமா. முழுநேரமா எழுதுறவன்தான் எழுத்தாளன்."

அடேய், நீ நிற்கிற ஊரைக் கொஞ்சம் திரும்பிப் பார். நகுலன் இங்கே மார் இவானியோஸ் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். நீல பத்மநாபன் மின்வாரிய இன்ஜினியர். ஆ. மாதவன் சாலையில் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்து பார்த்த தெருவைத்தான் எழுதினார், 2015-ல் சாகித்ய அகாதமி வாங்கினார். இதெல்லாம் பொழுதுபோக்கா? மாதம் பிறந்தால் அரிசிக்குக் கவலை இல்லாததால்தான் பத்திரிகைக்காரன் கேட்டதை எழுதாமல் தான் நினைத்ததை எழுத முடிந்தது என்று நான் சொல்வேன். நகுலனை எந்த விளம்பரதாரர் வாங்குவார், சொல்லுங்கள் :-)

பேனாவை மட்டும் நம்பியவரும் இந்த ஊருக்கு வந்தார். புதுமைப்பித்தன். பத்திரிகை வேலை, ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது தானும் விலகி 'தினசரி', அப்புறம் சினிமா, சொந்தப் படக் கம்பெனி ஆசை. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனா போனவர் காசநோயோடு மனைவியின் ஊரான திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். 1948-ல் இங்கேயே முடிந்தது. வயது 42. தமிழ்நாட்டு அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது 2002-ல். ஐம்பத்துநாலு வருடம் லேட்! அவர் மேதை. அதனால் அந்தக் கஷ்டத்தை 'கலைஞனின் தவம்' என்று நம் ஆட்கள் மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது, மருந்துக்குக் காசில்லாத ஒரு வீடு.

அப்படியென்றால் எழுதிப் பிழைக்கவே கூடாதா? கூடும். எப்படி என்றும் இந்த மாநிலத்திலேயே பார்க்கலாம். 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து 120 ரூபாய் முதலோடு ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள், சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம். எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளர். புத்தக விலையில் 30 சதவீதம் எழுத்தாளனுக்கு ராயல்டி! தமிழில் 10 சதவீதத்துக்கே கணக்குக் கேட்டால் பதிப்பாளருக்கு முகம் சுருங்கும். பிற்பாடு அந்தச் சங்கமும் தள்ளாடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்லாப்பெட்டி சாவி எழுதுகிறவன் கையில் இருந்தது, கணக்குப் புத்தகத்தை அவன் திறந்து பார்க்க முடிந்தது. கூகுளிடம் போய்ப் பேரேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

சர்க்கார் மட்டும் ஒழுங்கா? 1961 வருமான வரிச் சட்டத்தில் 80 கியூகியூபி என்று ஒரு பிரிவு போட்டிருந்தார்கள். புத்தக ராயல்டியில் மூன்று லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். பத்திரிகை, நாளிதழ், பள்ளிப் பாடநூல் எல்லாம் சேராது. அட்டை போட்டுத் தைத்தால்தான் எழுத்து போல.

வாசகப் பெருமக்களுக்கும் ஒன்று. 250 ரூபாய்ப் புத்தகத்தின் பி.டி.எஃப். இருக்கிறதா என்று கேட்கிறவர், அதே வாயால் "தமிழில் நல்ல எழுத்தே வருவதில்லை" என்று அலுத்துக்கொள்கிறார். கோழிக்கோட்டுப் பிரியாணிக்குப் பி.டி.எஃப். கேட்பாரா?

பையனிடம் நான் வெறுமனே முடியாது என்று சொல்லவில்லை. இதை அக்கா காதில் வாங்கவே இல்லை. "இரண்டு வருட வரவை மாதவாரியாக எக்ஸெல்லில் போட்டுக் கொடு. அதில் மோசமான ஆறு மாதத்தை மட்டும் எடுத்துச் சராசரி போடுவோம். அதில் வாடகையும் சாப்பாடும் போய் இ.எம்.ஐ. கட்ட முடியும் என்றால் மாமா கையெழுத்துப் போடுகிறேன். தவணை மூன்று மாதம் தவறினால் வாராக்கடன், அப்புறம் உனக்கு எந்த பேங்க்கும் கதவு திறக்காது" என்றேன்.

போன வாரம் அனுப்பியிருந்தான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பைசா சுத்தமாகப் போட்டிருந்தான். ஏப்ரல், மே கட்டங்கள் காலி. போன் பண்ணினேன். "போட்டுத் தரேன் மாமா" என்றான். குரல் சரியில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கர்க்கடகம் பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.