தம்பியின் குளிசையும் ராத்தாவின் நிறையும்

கவனக்குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு டொக்டர் எழுதும் மெதில்ஃபெனிடேட் குளிசை பசியைக் குறைக்கும். அது பக்கவிளைவு. அதனால்தான் கிளினிக்கில் தம்பியின் நிறை, உயரம், பிரஷர் எல்லாம் பார்க்கிறார்கள். மெலிவதற்காக ராத்தா அதை ஒளித்து எடுத்தால் யார் பார்ப்பது? நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும், அடிமையாகவும் கூடும். நிறுத்தினால் பசி திரும்பிவிடும்.

நாங்களும்தான் என்ன செய்கிறோம்? கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "என்ன மகள், நல்லா ஊதிட்டீங்க" என்கிறோம். பகிடியாம்! பதினைந்து வயதுப் பிள்ளை அன்றிரவு சோற்றைத் தொடுவதில்லை.

உம்மாமாரே, அந்தக் குளிசையைப் பூட்டி வைத்து எண்ணிக் கொடுங்கள். பிள்ளை எடுத்திருப்பது தெரிந்தால் ஏசாமல் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். மனம்விட்டுப் பேச 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.