இரைச்சல் வேறு, முழக்கம் வேறு

சென்ற ஆண்டு ஆவணி மாதம், இணுவிலில் ஒரு சனசமூக நிலைய மேடையில் இளைஞர்கள் சிலர் மின் கிற்றார் வாசித்தனர். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, "இதுவும் ஒரு இசையோ? வெறும் இரைச்சல்" என்றார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் சொற்களை எடைபோட்டே பிழைத்தவன் நான். ‘இரைச்சல்’ என்ற அந்தச் சொல் இடம் மாறி விழுந்துவிட்டது என்று அப்போதே பட்டது. அதை நிறுவவே இதை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலுவையில் உள்ள ஒரு கடனும் இதற்குள் இருக்கிறது.

அன்று மேடையில் முழங்கிய கிற்றார் என் தம்பியினுடையது. வாசித்தவன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவனது மகன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எடுத்துச் செல்ல வழியின்றி எங்கள் வீட்டுப் பரணில் விட்டுப்போன வாத்தியம் அது. திரும்பி வந்தபோது கூரையின் ஒரு பகுதி இல்லை, கிற்றார் இருந்தது. தந்திகள் துருப்பிடித்திருந்தன. பிக்கப் எனப்படும் ஒலிவாங்கும் உறுப்பு செத்துப் போயிருந்தது. பெறாமகன் கனடாவிலிருந்து வரும்போது தீப்பெட்டியை விடச் சற்று நீளமான ஒரு பொருளைப் பொதிசெய்து கொண்டுவந்தான். அதுதான் டிமார்சியோ நிறுவனத்தின் ‘சுப்பர் டிஸ்டோர்ஷன்’. எங்கள் ஊர்த் தச்சர் உளியால் பழைய குழியை அகலமாக்கிக் கொடுத்தார். தண்ணீர் பம்ப் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் ஒருவர் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். "இதுவும் காந்தமும் கம்பியும்தானே" என்று சிரித்தார் அவர்.

உண்மையில் அவ்வளவுதான். ஒரு காந்தம்; அதனருகே தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டுபிடித்த விதி இது. பம்ப் மோட்டாரும் சைக்கிள் டைனமோவும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

ஆனால் ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. தந்தியின் அசைவை மட்டுமன்றி, சுற்றியுள்ள மின்கம்பிகளின் உறுமலையும் அது வாங்கிக்கொள்ளும். மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் அலைவுறும் நம் நாட்டில் அந்த உறுமல் தாழ்ந்த ஒரு ‘ம்ம்ம்’ ஆகக் கேட்கும். கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளர் செத் லவர் 1955இல் இதற்கு ஒரு தீர்வைக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து எதிரெதிராக இணைத்தார். அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரு சுருள்களிலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலியோ இருமுறை புரட்டப்படுவதால் ஒன்றோடொன்று கூடிவிடுகிறது. உறுமலை அடக்குவதால் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

1972இல் நியூயோர்க்கைச் சேர்ந்த லரி டிமார்சியோ இதை இன்னொரு படி கொண்டுசென்றார். பழைய அல்னிகோ காந்தத்துக்குப் பதிலாக வலுவான பீங்கான் காந்தத்தை வைத்தார். கம்பியை மேலும் சுற்றினார். பழைய ஹம்பக்கர்களின் மின்தடை ஏறக்குறைய 7 அல்லது 8 கிலோ ஓம்; இதனுடையது 13 கிலோ ஓமுக்கு மேல். தந்தியிலிருந்து புறப்படும் சமிக்ஞையே பெருத்துவிட்டதால், வால்வு ஒலிபெருக்கியின் முதற்கட்டமே தாங்கமாட்டாமல் அலையின் உச்சியை நறுக்கத் தொடங்கியது. அந்த நறுக்கலில் புதிய மேற்சுரங்கள் பிறந்தன. மீட்டியவுடன் தேய்ந்துபோகும் தந்தியொலி, ஊதிய ஒலிபோல் நீண்டு நின்றது. கிஸ் குழுவின் ஏஸ் ஃபிரேலி, ஜாஸ் உலகின் அல் டி மியோலா எனத் தொடர்பற்ற இருவேறு உலகத்தார் இதைக் கையாண்டனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது விற்பனையில் இருக்கிறது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அதிகம் சுற்றினால் மேல்சுரங்களின் மெல்லிய பளபளப்புக் குறையும், இது உண்மை. காலால் மிதிக்கும் மின்பெட்டிகள் பெருகிவிட்ட இன்று, எந்தப் பிக்கப்பையும் உறுமவைக்கலாம். வலிமையானது எதற்கு என்பாரும் உளர். அதுவும் நியாயமே. ரொறன்ரோவில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து வாசிப்பவனுக்கு இது வெறும் சுவைப் பிரச்சினை.

எங்கள் ஊர் மேடை அப்படிப்பட்டதன்று. வாடகை ஜெனறேற்றர், தலைக்குமேல் வரிசையாய்க் குழல்விளக்குகள், அவற்றின் சோக்குகள், மணலில் நீளும் வயர்கள், பெயருக்கு ஒரு புவித்தொடுப்பு. இவ்வளவு பகைகளின் நடுவே ஒற்றைச் சுருள் கிற்றாரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பாட்டைவிட உறுமல்தான் முன்னே வரும். பலவீனமான சமிக்ஞையை ஒலிபெருக்கியில் ஏற்ற ஏற்ற, கூடவே அழுக்கும் ஏறும். மூலத்திலேயே ஒலி வலிதாய் இருந்தால் பின்னால் அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. ஆசிரியர் இரைச்சல் என்று சொன்ன அந்தப் பொருள், இரைச்சலைக் குறைப்பதற்கென்றே பிறந்த பொருள். அன்று கேட்டது முழக்கம். கிற்றார்காரன் கையை எடுத்தவுடன் மேடை நிசப்தமானதைக் கவனித்திருந்தால் வேறுபாடு விளங்கியிருக்கும்.

முழக்கம் நமக்குப் புதிதும் அன்று. வீணை அறைக்குள் வாசிப்பது. நாதசுரமும் தவிலும் வீதிக்கென்றே பிறந்தவை. தேர் நகரும்போது ஆயிரம் பேர் நடுவே கேட்க வேண்டும் என்பதற்காகவே அவற்றுக்கு அந்தக் குரல். அதனால் நுட்பம் குறைந்ததா? 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இந்த ஊரில் யாரும் இரைச்சல் என்று சொல்லத் துணியமாட்டார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குத் தேர்ந்ததும் மின் மாண்டலினைத்தான். ஒலி நீண்டு நின்றால்தான் கமகம் நிற்கும். வலிமையும் நுட்பமும் பகையல்ல என்பதை நம் மரபு நமக்கு எப்போதோ சொல்லிவிட்டது.

இனி, கடனுக்கு வருகிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. செய்திக்கு வானொலிதான் கதி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி பேசும். இரவில் தமிழோசையை நான் குறிப்பெடுப்பேன், தம்பி சுற்றுவான். அவன் கை தளர்ந்தால் செய்தியாளரின் குரல் தேயும். "விடாதே, விடாதே" என்று நான் கத்துவேன்.

ஓர் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவன் அவன். மின்சாரம் போனதோடு அவன் கிற்றாரும் ஊமையானது. 1992இல் ஓரிரவு, செய்தி முடிந்ததும் தன் கிற்றாரைப் பழைய கசற் பெட்டியில் பொருத்தினான். நண்பன் ஒருவன் பெடலைச் சுற்றினான். பெடலின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஓர் உறுமல் வீடெங்கும் நிறைந்தது. நான் மறுநாளைய பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ஒரு பாட்டு மட்டும். கொஞ்சம் பொறுங்கோ."

"இந்த இரைச்சலை முதலிலை நிப்பாட்டு" என்றேன்.

நிறுத்தினான். அதன்பின் அவன் அதை எடுக்கவே இல்லை. மறுநாள் இரவும் வந்து எனக்காகப் பெடலைச் சுற்றினான். 1993இல் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து போனவன், பின்னர் கனடா சேர்ந்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றிருந்தது உறுமல்தான். டைனமோவின் மின்சாரம் சரியாகச் சீர்செய்யப்படாமல் கசற் பெட்டிக்குள் போனதால் வந்தது அது. எந்த ஹம்பக்கரும் அதைப் போக்கியிராது. ஆனால் அந்த உறுமலுக்கு அடியில் ஒரு தந்தி ஒலித்தது. செய்தி வானொலியின் கரகரப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லையும் பிரித்தெடுக்கத் தெரிந்த எனக்கு, தம்பியின் தந்தியைப் பிரித்துக் கேட்க மனம் வரவில்லை. கேட்காதவனின் சொல் ‘இரைச்சல்’. ஆசிரியரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. அவருக்கு முன்பே அதைச் சொன்னவன் நான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஊர் மேடைகளை நடத்துவோர், அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கையாவது முறையான புவித்தொடுப்புக்கும் நல்ல வயர்களுக்கும் செலவிடுங்கள். பாடுபவருக்கும் தவில்காரருக்கும்கூட அது நன்மை. பாடசாலைகளில் மின்காந்தத் தூண்டலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரைக் கொண்டு ஒரு சுருளைச் சுற்றுவித்து, அதன்மேல் ஒரு தந்தியைக் கட்டி மீட்டிக் காட்டுங்கள். கம்பி சுற்றத் தெரிந்தவர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோவில் உலகத்தைக் கேட்ட சமூகத்துக்கு இது அந்நியக் கல்வி அன்று.

பெறாமகன் அன்றைய வாசிப்பைக் கைபேசியில் பதிந்து தகப்பனுக்கு அனுப்பினான். மறுநாள் தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தான். முதலில் அவன் கேட்ட கேள்வி இதுதான்:

"அண்ணை, முடியுமட்டும் கரண்ட் நிண்டதோ?"

நின்றது என்றேன். முழுவதையும் இருந்து கேட்டேன் என்றும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் எந்த ஒலியும் இல்லை. பிறகு, தந்தி எந்த இலக்கத் தடிப்பு என்று பெடியனிடம் கேட்டுச் சொல்லும்படி சொன்னான்.